ஜார்ஜ் டவுனிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு: கால்வாய்க் கரையில் 297 கிலோமீட்டர்

பினாங்குத் தீவை ஒருமுறை சுற்றி வந்துவிட்ட சைக்கிள்காரர்கள், அடுத்து எங்கே போகலாம் என்று கேட்டால் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். காசு சேர்த்து வையுங்கள், அமெரிக்காவில் ஒரு பழைய கால்வாய் இருக்கிறது, அதன் கரையில் ஓட்டிப் பாருங்கள். அதன் பெயர் செசபீக் அண்ட் ஒஹாயோ கால்வாய். சுருக்கமாக ‘சி அண்ட் ஓ’ என்பார்கள். மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து என்ற மலையடிவார ஊரிலிருந்து பொட்டோமக் ஆற்றை ஒட்டியே இறங்கி வந்து, வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பகுதியில் முடிகிறது. நீளம் 184.5 மைல், ஏறக்குறைய 297 கிலோமீட்டர். நம்ம பினாங்கு ஜார்ஜ் டவுனில் கிளம்பி இன்னொரு ஜார்ஜ்டவுனில் போய் இறங்குகிறோம் என்ற நினைப்பே எனக்கு முதலில் பிடித்துப்போனது.

நானும் என் மச்சானும் ஓர் அக்டோபரில் ஐந்து நாளில் ஓட்டி முடித்தோம். இருவருக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது. அதனால் ‘என்னால் முடியுமா’ என்று தயங்குகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இந்தப் பாதைக்குப் பெரிய கால் பலம் தேவையில்லை. சேற்றைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் அடுத்த சாப்பாட்டுக் கடை எங்கே என்பதைப் பற்றியும் முன்கூட்டியே யோசித்து வைத்தவர்களுக்கு இது இன்பமான பயணம். யோசிக்காமல் போனவர்களுக்கு இரண்டாம் நாளே வெறுத்துவிடும்.

முதலில், எதன் மேல் ஓட்டப்போகிறோம்

இதைத் தெரிந்துகொண்டு போனால் வழியில் கண்ணில் படுகிற ஒவ்வொரு கல்லும் பேசும். 1828 ஜூலை 4 அன்று அமெரிக்க அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் மண்வெட்டி பிடித்து இந்தக் கால்வாயைத் தொடங்கிவைத்தார். மண்ணுக்கடியில் வேர் தட்டியது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி வெட்டினாராம். அதே நாளில் பால்டிமோரில் இன்னொரு கூட்டம் கூடி ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டியது. இரண்டில் ரயில்தான் முந்தியது. அது 1842-லேயே கம்பர்லாந்தைத் தொட்டுவிட, கால்வாய் போய்ச் சேர 1850 ஆகிவிட்டது. ஒஹாயோ ஆறு வரை வெட்டுவதுதான் திட்டம். ஆனால் கம்பர்லாந்தைத் தாண்டவே இல்லை. அப்படியிருந்தும் 1924 வரை நிலக்கரி ஏற்றிய படகுகள் இதில் ஓடின. அந்த ஆண்டு வெள்ளம் வந்து உடைத்துப் போட்டதோடு தொழில் நின்றது.

படகுக்கு இயந்திரம் கிடையாது. கரையில் நடந்த கோவேறு கழுதைகள்தான் கயிற்றால் இழுத்தன. அவை நடந்த பாதையை அங்கே ‘டோபாத்’ என்கிறார்கள், இழுவைப்பாதை என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு நாம் ஓட்டுவது அதன் மேல்தான். கழுதைக்காகப் போட்ட பாதை என்பதால் மேடு பள்ளம் இல்லை. மொத்த உயர வித்தியாசம் 605 அடி, அதையும் 74 இடங்களில் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த இடங்களுக்கு ‘லாக்’ என்று பெயர். இரண்டு பக்கமும் கல்சுவர், முன்னும் பின்னும் மரக்கதவு. படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை மேலேயும் கீழேயும் கொண்டுபோவார்கள். ஒரு லாக்குக்கு எட்டடி அளவில் ஏற்றம். கம்பர்லாந்துப் பக்கத்திலிருந்து வருகிறவருக்கு அங்கே ஒரு சின்னச் சறுக்கல், பிறகு மறுபடி சமதளம். கடைசி வரை இதேதான்.

என் தாத்தா செபராங் பிறையில் தோட்டத்தில் தண்ணீர் வடியக் கான் வெட்டியவர். கால்வாயை வெட்டியவர்களில் பெரும்பகுதி அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த கூலிகள் என்றும், 1832-இல் வாந்திபேதி பரவி அவர்களில் பலர் கரையிலேயே செத்துப்போனார்கள் என்றும் படித்தபோது எனக்குத் தாத்தாவின் ஞாபகம்தான் வந்தது. ஒரு லாக்கின் சுவரில் கைவைத்துப் பாருங்கள். கல்லில் உளி பட்ட வரி ஒவ்வொன்றும் விரலுக்குத் தெரியும். கல்லின் விளிம்பில் இழுவைக் கயிறு உரசி உரசிப் போட்ட பள்ளம் இருக்கும், சுண்டுவிரல் அதில் அப்படியே உட்காரும். நான் அங்கே கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டேன்.

திசையும் மாதமும்

கம்பர்லாந்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு இறங்குங்கள். நிலக்கரிப் படகு வந்த திசையும் அதுதான். இறக்கம் பெரிதாக உதவாது என்றாலும் வேறு காரணம் இருக்கிறது. ஆள் நடமாட்டமும் கடைகளும் குறைவான மேற்குப் பகுதியைக் காலில் தெம்பு இருக்கும்போதே முடித்துவிடலாம். போகப்போக ஊர்கள் நெருங்கி வரும், மனசுக்கும் தைரியம். கடைசி நாளில் விமானம் பிடிக்கிற ஊரிலேயே இருப்பீர்கள்.

மாதம் என்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் பாதி வரை. கோடையில் நம்ம ஊர்ப் புழுக்கத்தோடு கொசுவும் சேர்ந்துகொள்ளும். வசந்தத்தில் பாதை மழையில் ஊறிக் கிடக்கும். நவம்பர் பாதிக்குப் பிறகு வழியிலுள்ள கைப்பம்புகளை அடைத்துவிடுவார்கள், ஏப்ரல் பாதியில்தான் திறப்பார்கள். அக்டோபர் இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகும். பினாங்கில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு அது குளிர்தான். கம்பளிக் குல்லாவும் காலுறையும் மறக்க வேண்டாம்.

பினாங்கிலேயே பழகுவது

மூன்று மாதம் போதும். முதல் மாதம் பாலிக் புலாவ் வயல் சாலைகளில் வாரம் இரண்டு தடவை ஓட்டுங்கள். சமதளத்தில் இடைவிடாமல் மிதிப்பதும் ஒரு பழக்கம்தான். கொடிமலை ஏறுகிறவர்கள்கூட இதில் சலித்துப்போகிறார்கள். மேட்டில் ஏறியவனுக்கு இறக்கத்தில் கால் ஓயும். கால்வாய்க் கரையில் அந்த ஓய்வு கிடையாது, ஆறு மணி நேரமும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். உட்காரும் இடம் வலிக்கும். கூட்டியும் குறைத்தும் சீட்டின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டியது இப்போதுதான், அங்கே போய் அல்ல.

இரண்டாம் மாதம் ஃபெரியில் சைக்கிளோடு பட்டர்வொர்த் போய், செபராங் பிறையின் செம்பனைத் தோட்டச் செம்மண் சாலைகளில் ஓட்டுங்கள். தோட்ட ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. மழை பெய்த மறுநாள் போவதுதான் உண்மையான பயிற்சி. அந்தச் செம்மண் சேறும் பொட்டோமக் கரைச் சேறும் கிட்டத்தட்ட ஒன்றே.

மூன்றாம் மாதம் ஒரு தடவையாவது இரண்டு நாள் தொடர்ந்து, முழுச் சுமையோடு. அதற்கு நான் சொல்லும் இடம் கெடா. அலோர் ஸ்டாரிலிருந்து குரூண் பக்கம் வரை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெட்டிய வான் மாட் சாமான் கால்வாய் இருக்கிறது. அன்றைய கெடா மந்திரி புசாரின் பெயரால்தான் அது இன்றும் வழங்குகிறது. வயல்களுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல் ஓடும். ஒரு கால்வாயின் ஓரமாகப் போகும்போது தூரம் குறையாதது போல் ஒரு மயக்கம் வரும். அது எப்படியிருக்கும் என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். முதல் நாள் எல்லாராலும் ஓட்ட முடியும். இரண்டாம் நாள் காலையில் மறுபடி சீட்டில் உட்கார முடிகிறதா என்பதுதான் கேள்வி.

சைக்கிளும் பையும்

மெல்லிய டயர் போட்ட ரோடு பைக் வேண்டாம். 38 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போடுங்கள், 42 இருந்தால் இன்னும் நிம்மதி. பாதையின் சில பகுதிகளில் நொறுக்கிய கல் போட்டுப் புதுப்பித்திருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் களிமண், மரவேர், குழி. மட்கார்டு கட்டாயம், ஆனால் டயருக்கும் அதற்கும் ஒரு விரல் நுழைகிற இடைவெளி வேண்டும். மச்சானுடைய மட்கார்டு ஒட்டி இருந்தது. மூன்றாம் நாள் சேறு நடுவில் அடைத்து, சக்கரம் சுற்றவே மறுத்துவிட்டது. குச்சியால் தோண்டித் தோண்டி எடுப்பதில் ஒரு மணி நேரம் போனது.

பின் கியரைத் தாங்குகிற ‘ஹேங்கர்’ என்ற சின்ன அலுமினியத் துண்டு, விமானப் பெட்டியில் சைக்கிள் சாய்ந்தால் வளைந்துவிடும். உங்கள் சைக்கிளுக்கு உரிய ஹேங்கர் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது வளைந்துதான் வந்து சேர்ந்தது. கையில் ஒன்று இருந்ததால் பயணம் தப்பியது. அது போக டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப், பிரேக் கட்டை ஒரு ஜோடி, செயின் எண்ணெய். மணி ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் நாம்தான் வழிவிட வேண்டும். வேக வரம்பு மணிக்கு 15 மைல்.

சுமை பின் கேரியரின் இரு பக்கமும் தொங்கும் பைகளில் இருக்கட்டும். முதுகில் பை மாட்டாதீர்கள். கூடாரம், தூங்கும் பை, மெத்தை எல்லாம் சேர்த்து 12 கிலோவுக்குள் அடக்கப் பாருங்கள். சமையல் அடுப்புக்கான கேஸ் டப்பாவை விமானத்தில் விட மாட்டார்கள், அங்கே போய்தான் வாங்க வேண்டும். பவர் பேங்க் கைப்பையில் இருக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இறைச்சி கலந்த எதையும் அமெரிக்கச் சுங்கத்தில் அனுமதிக்க மாட்டார்கள், பழமும் கூடாது. என்ன கொண்டுபோகிறீர்களோ அதைப் படிவத்திலோ அதிகாரியிடமோ சொல்லிவிடுங்கள். நாங்கள் கொண்டுபோனது அவல், வறுத்த கடலை, மனைவி செய்து கொடுத்த புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில். அவலைப் போல வழிப்பயணத்துக்கு உகந்த சாப்பாடு வேறு இல்லை என்பேன். சுடுதண்ணீர் ஊற்றி மூடி வைத்துப் பத்து நிமிடத்தில் புளிக்காய்ச்சலைக் கலந்தால் ராச்சாப்பாடு முடிந்தது. சுத்திகரிப்புக்காகப் பம்புத் தண்ணீரில் அயோடின் கலந்திருப்பார்கள், லேசாக மருந்து வாடை அடிக்கும். புளி அதை அப்படியே அமுக்கிவிடும்.

விசா, விமானம், ரயில்

மலேசியக் கடப்பிதழுக்கு அமெரிக்க விசா தேவை. நேர்முகம் கோலாலம்பூரில், துன் ரசாக் சாலையிலுள்ள தூதரகத்தில். நேர்முகத்துக்கு நாள் வாங்கிவிட்டு விமானச் சீட்டைப் பாருங்கள், மாற்றிச் செய்தால் பணம் போகும். இறங்க வேண்டிய விமான நிலையம் வாஷிங்டன் டல்லஸ். நகரில் ஒரு நாள் தங்கி, சைக்கிளின் பாகங்களை மறுபடி மாட்டி, சின்னதாக ஓட்டிப் பாருங்கள். அப்புறம் யூனியன் ஸ்டேஷனில் ஆம்ட்ராக் ரயில் ஏறினால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் கம்பர்லாந்து. சைக்கிளுக்கென்று தனி இடம் இருக்கிறது, ஆனால் சில சைக்கிள்களுக்குத்தான். ஆள் சீட்டு எடுக்கும்போதே அதையும் பதிந்துவிட வேண்டும்.

கிளம்பும் முன் தேசியப் பூங்காத் துறையின் இணையப் பக்கத்தில் எந்தப் பகுதியை மூடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆற்று வெள்ளம் அவ்வப்போது கரையை அரித்துக்கொண்டு போகும். மாற்றுவழி போட்டிருந்தால் அதையும் சேர்த்துத் தூரம் கணக்கிடுங்கள்.

ஐந்து நாள்

வழி நெடுக மைல் கம்பம் இருக்கிறது. கம்பர்லாந்தில் 184.5, ஜார்ஜ்டவுனில் பூஜ்யம். கிலோமீட்டரை மறந்துவிட்டு மைலிலேயே எண்ணுங்கள், வரைபடம் பேச்சு எல்லாம் மைல்தான். இரவு தங்க நடப்பவர்களுக்கும் சைக்கிளில் வருகிறவர்களுக்கும் என்று கூடார இடங்கள் ஐந்து முதல் ஏழு மைலுக்கு ஒன்றாக இருக்கின்றன. கட்டணம் கிடையாது, முன்பதிவும் கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம். ஓரிடத்தில் ஓர் இரவுதான். மேசை, கழிவறை, கைப்பம்பு இருக்கும். கைப்பம்பு சில சமயம் பழுதாகி நிற்கும். ஆகவே எந்தப் பம்பைக் கண்டாலும் இரண்டு பாட்டிலையும் நிரப்புங்கள், அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

முதல் நாள் கம்பர்லாந்திலிருந்து லிட்டில் ஓர்லியன்ஸ் வரை, 44 மைல். இது நீண்ட நாள், காலை ஏழுக்கே கிளம்புங்கள். இந்த நாளுக்கும் மறுநாள் மதியம் வரைக்கும் வேண்டிய சாப்பாட்டைக் கம்பர்லாந்திலேயே வாங்கிப் பையில் போடுங்கள், நடுவில் கடையை நம்ப முடியாது. 155-ஆம் மைலில் பாவ்பாவ் சுரங்கம் வரும். மலையைக் குடைந்து 950 மீட்டர் நீளம். 1836-இல் தொடங்கி, இடையில் பணமின்றி நின்றுபோய், 1850-இல்தான் முடிந்தது. உள்ளே சுவர் முழுக்கச் செங்கல், ஆறு மில்லியனுக்கு மேல் என்று கணக்கு. இங்கே ஓட்டக்கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒற்றை ஆள் அகலத்துக்குத்தான் பாதை, ஒரு பக்கம் மரக் கைப்பிடி, அதற்குக் கீழே கறுப்பாகத் தண்ணீர். பாதி வழியில் முன்னாலும் பின்னாலும் வெளிச்சம் காசு அளவுக்குச் சுருங்கிவிடும். “மச்சான், கைப்பிடியை விடாம வாங்க, கல்லு ஈரமா இருக்கு” என்று நான் சொன்னது சுவரில் முட்டித் திரும்பி வந்தது. கைவிளக்கு இல்லாமல் நுழையாதீர்கள். சுரங்கத்தைத் தாண்டியதும் லாக்குகளின் எண்ணைக் கவனியுங்கள், 64⅔, 63⅓ என்று இருக்கும். செலவைக் குறைக்க ஒரு லாக்கையே விட்டுவிட்டு, ஏற்கெனவே கொடுத்திருந்த வரிசை எண்ணுக்குள் இப்படிப் பங்கு பிரித்து வைத்தார்கள்.

இரண்டாம் நாள் வில்லியம்ஸ்போர்ட் வரை, 41 மைல். பாதைக்குப் பக்கத்திலேயே மேற்கு மேரிலாந்து ரயில் பாதை இருந்த இடத்தில் தார்ச்சாலை போட்டிருக்கிறார்கள். சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும். லிட்டில் ஓர்லியன்ஸில் தொடங்கி பிக் பூல் வரை கூடவே வரும். மழை பெய்திருந்தால் யோசிக்காமல் அதில் ஏறிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு ஹான்காக்கில். வில்லியம்ஸ்போர்ட்டில் கோனகோச்சீக் ஆற்றின் மேல் கால்வாயே பாலமாகப் போகிறது. நம்ம கன்னியாகுமரிப் பக்கத்து மாத்தூர்த் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கிவிடும். இதைப் பழுதுபார்த்து 2019-இல் மறுபடி தண்ணீர் விட்டார்கள்.

மூன்றாம் நாள் ஹார்பர்ஸ் ஃபெரி வரை, 39 மைல். 88-ஆம் மைலிலிருந்து ‘பிக் ஸ்லாக்வாட்டர்’ என்ற பகுதி. பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே, தண்ணீரை ஒட்டிப் பாதை. முழுப் பயணத்திலும் எனக்கு இதுதான் அழகு. அவசரப்படாதீர்கள். ஹார்பர்ஸ் ஃபெரி ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். நாங்கள் போனபோது ரயில் பாலத்தின் நடைபாதைக்குச் சுழல்படியில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் ஏறினோம். பைகளைக் கழற்றி இரண்டு நடையாக ஏற்றுங்கள், இடுப்புக்கு நல்லது.

நான்காம் நாளைக் குறைத்து வையுங்கள், 26 மைல் போதும். உடம்பு அன்றைக்குத்தான் கேட்கும். மதியத்துக்கு மேல் மோனோகசி தொட்டிப்பாலம் வரும், 42-ஆம் மைல். ஏழு வளைவு, 516 அடி, இந்தக் கால்வாயின் 11 தொட்டிப்பாலங்களில் இதுதான் பெரியது. 34-ஆம் மைல் பக்கம் கூடாரம் போடலாம்.

ஐந்தாம் நாள் 34 மைல். 14-ஆம் மைலில் கிரேட் ஃபால்ஸ் அருவி. பூட்டிவிட்டுப் போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகு ஓட்டக்காரர்களும் குழந்தை வண்டிகளும் கூட்டமாக வருவார்கள். மணியடித்து மெதுவாகப் போங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ள

புல்லில் உட்கார்ந்து எழுந்தால் உண்ணி ஏறும், அது லைம் நோயைக் கொண்டுவரும். ராத்திரி படுக்கும் முன் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் விளக்கடித்துப் பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தலையோடு பிடித்து நேராக இழுத்து எடுங்கள். மூன்று மூன்று இலையாகப் படர்கிற பாய்சன் ஐவி செடியைத் தொடாதீர்கள், ஒதுங்கப் போகும்போது முதலில் கீழே பாருங்கள். மழை விடாமல் பெய்தால் ஓட்டாதீர்கள். ஒரு நாள் ஊரில் தங்கிவிடுங்கள். அதற்காகத்தான் ஊருக்குத் திரும்பும் விமானச் சீட்டை இரண்டு நாள் தள்ளிப் போடச் சொல்கிறேன்.

ஓட்டும்போது ஒரு பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். பாழடைந்து கிடந்த இந்தக் கால்வாயின் மேல் கார்ச்சாலை போடலாம் என்று 1954-இல் ஒரு நாளேடு தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், என்னோடு இதை நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று அவர்களையே அழைத்தார். கம்பர்லாந்தில் தொடங்கிய அந்த நடையில் வழியில் சேர்ந்தும் விலகியும் 58 பேர் கலந்துகொண்டாலும், முழுத் தூரமும் நடந்து வந்தவர்கள் அவரோடு சேர்த்து 9 பேர்தான். சாலை வரவில்லை. 1971-இல் இது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது.

பூஜ்ய மைல் கல் ஜார்ஜ்டவுனில் ராக் கிரீக் ஓடை ஆற்றில் சேரும் இடத்தில், தாம்சன் படகு நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. பாதை அங்கே கொண்டுபோய் விடாது, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு தேடிப் போக வேண்டும். படம் எடுத்தான பிறகு முதல் வேலை, ஏதாவது ஒரு சைக்கிள் கடையில் காலிப் பெட்டி கேட்டு வாங்குவது. முந்தின வாரமே போனில் சொல்லி வைத்தால் எடுத்து வைத்திருப்பார்கள். பெட்டியில் போடும் முன் டயர் இடுக்கில் உள்ள சேற்றைக் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஹேங்கரைக் கழற்றி, ஒரு துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள்.